கழித்த யந்திரமும் நமக்கு உழைக்கும்!
(தொழிலாளர் வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

மில்லில் நமது கூலியிலிருந்து நூற்றுக்கு 12 வீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள். பிடித்த பணத்தை நிர்வாகம் கட்டியதா? கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. விவசாயத் தொழிலாளியின் வீட்டுமனைப் பட்டா விவரமும் அதில்தான் இருக்கிறது. பார்க்கத் தெரியாதவன் ஏமாறுகிறான். ஆகவேதான் வாசகசாலைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறோம். "பத்து யந்திரம் வாங்கப் பணம் ஏது?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஆபீசுகள் பழைய யந்திரங்களைக் கழித்துத் தள்ளுகின்றன. அவையெல்லாம் கெட்டுப்போனவையா? இல்லை. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய யந்திரங்களை ஏற்பதில்லை. லாபம் புதிதை விற்பதில் இருக்கிறது. ஓடுகிற யந்திரம் குப்பைக்குப் போகிறது. 2022-ல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன்!

இதற்கு மாற்று உண்டு. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் துவக்கிய லினக்ஸை இன்று பல தேசத்தார் கூடி வளர்க்கிறார்கள். கம்பெனி ஆட்களும் அதில் உழைக்கிறார்கள்; ஆனால் எந்தக் கம்பெனியும் அதற்குப் பூட்டுப் போட முடியாது. விலை கொடுக்காமல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இதில்தான் படிக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒரு கிணறு, ஒரு பம்புசெட், பல வாய்க்கால் — அதுபோலத்தான். நல்ல நினைவகமுள்ள ஒரு யந்திரம் 'சர்வர்'. பழைய யந்திரங்களைக் கம்பிவழி அதனுடன் இணைக்கிறோம். சுவிட்சைப் போட்டதும் அவை கம்பிவழியே சர்வரிடம் லினக்ஸைப் பெற்று எழுகின்றன. கணக்கு வேலையைச் சர்வர் செய்கிறது. திரையும் விசைப்பலகையும் நம் முன்னே. இதற்கென்றே 1999-ல் துவங்கியது 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்'.

பழைய யந்திரத்துக்கு ஹார்டு டிஸ்க் தேவையில்லை. "எங்கள் ரகசியம் அதில் இருக்கிறதே" என்று ஆபீஸ்காரர் தயங்கினால், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

குறையையும் மறைக்கவில்லை. பம்பு நின்றால் எல்லா வாய்க்காலும் வறளும். ஆகவே சர்வருக்குத்தான் நிதி திரட்ட வேண்டும். அதிலுள்ளதற்குத் தினமும் நகல் எடுக்க வேண்டும்.

தோழர்களே! கழித்த யந்திரம் எங்கே கிடக்கிறதென்று விசாரியுங்கள். கிளைக்கு இருவர் கற்க வாருங்கள். முதல் பாடம், அவரவர் வைப்பு நிதிக் கணக்கைத் தாமே பார்ப்பது. கட்டாத மாதம் தென்பட்டால் சங்கத்திடம் கொண்டுவாருங்கள். அதன்பின் கேள்வி கேட்பது நம் எல்லோர் வேலை!