கொல்லைப்புறச் செல்வம்



காய்கறித் தோட்டம் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. அதற்கு ஏராளமான நிலம் வேண்டும் என்பது ஒன்று. நாள் முழுவதும் அதிலேயே பாடுபட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தேவையற்ற அச்சங்கள். இரண்டு கட்டில்கள் போடத்தக்க இடமும், காலையில் கால் மணி நேரமும் உடைய எவரும், ஆண்டின் எந்த மாதத்திலும் ஒரு கீரையையோ காயையோ கொல்லையிலிருந்து பறித்து வரலாம்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று கருதிவிட வேண்டாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயது வரையுள்ள நம் நாட்டுப் பெண்களுள் 59 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள் எனக் கண்டார்கள். அதாவது, பத்து மாணவியர் ஒரு வரிசையில் அமர்ந்திருந்தால், அவர்களுள் ஐந்தாறு பேருக்கு இக்குறை இருக்கக்கூடும். கீரை ஒன்றே இதை நீக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கீரையிலுள்ள இரும்புச் சத்தில் ஒரு சிறு பகுதியையே உடல் ஏற்கிறது. அவ்வுணவோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் ஏற்கும் அளவு கூடுகிறது. உடனே தேநீர் அருந்தினால் குறைகிறது. ஆயினும், கீரை நாள்தோறும் இலையில் விழ வேண்டுமானால், அது எட்டிப் பறிக்கும் தூரத்தில் இருப்பதைவிட நல்ல வழி வேறில்லை. கடைக்குப் போக நேரமில்லை, கையில் காசில்லை என்ற தடைகள் அங்கே எழுவதில்லை.

சிரமமின்றிப் பயிரிடும் இரகசியம் யாது? நம்மை எதிர்பாராமல் தாமே வளரும் செடிகளைத் தேர்ந்தெடுப்பதுதான். அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வகை, ஒரு முறை நட்டால் ஆண்டுக்கணக்கில் பயன் தருபவை. முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை, பசலைக் கொடி, பொன்னாங்கண்ணி ஆகியவை இவ்வகையின. மணிக்கட்டுப் பருமனுள்ள முருங்கைப் போத்து ஒன்றைத் தண்ணீர் தேங்காத இடத்தில் ஊன்றினால் போதும். அதன் கிளைகள் காற்றில் எளிதாக முறியும்; ஆகவே வீட்டுக் கூரையைவிட்டுச் சற்று எட்டவே நடுக. காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால், புதுத் தழை கைக்கெட்டும் உயரத்தில் துளிர்க்கும். தவசிக்கீரையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஓர் எச்சரிக்கை: 1990களின் நடுவில் தைவான் நாட்டில் உடல் மெலிய வேண்டி இக்கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து பல வாரங்கள் குடித்தவர்களுள் பலர் கடுமையான நுரையீரல் நோய்க்கு உள்ளானார்கள். ஆகவே அதை வேகவைத்து, அளவாக, எப்போதேனும் உண்க.

இரண்டாவது வகை, பருவம் பார்த்து விதைப்பவை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். இதில் நுட்பமான உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. நம் ஊர்ப் பந்தல் அவரை, பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும் இயல்புடையது. ஆடியில் விதைத்த கொடி, மழைக்காலம் முழுவதும் படர்ந்து, பகல் குறுகிய மார்கழி, தை மாதங்களில் காயாகக் குலுங்குகிறது. அதே விதையைத் தையில் ஊன்றினால், பகல் நீள நீளக் கொடி வளருமேயன்றிக் காய் காண்பது அரிது. கடிகாரம் அறியாத உழவர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்! கோடைக்கோ வேறு துணைவர்கள் உண்டு. வெண்டையும் கொத்தவரையும் சித்திரை வெயிலைத் தாங்குபவை. வெண்டை விதைத்த நாற்பத்தைந்து நாட்களில் காய் கொடுக்கத் தொடங்கும்.

மூன்றாவது வகை, விரைவில் விளையும் முளைக்கீரை. இதற்கு எளிய கணக்கு ஒன்று கூறுகிறேன். நான்கு சிறு பாத்திகள் அமையுங்கள். முதல் வாரம் முதற் பாத்தியிலும், அடுத்த வாரம் இரண்டாம் பாத்தியிலுமாக, வாரம் ஒன்றாக விதையுங்கள். நான்காம் பாத்தியில் விதை தூவிய வாரத்திற்குள் முதற் பாத்தி பறிப்புக்கு வந்துவிடும். அதைப் பிடுங்கி மீண்டும் விதைத்தால், வாரம் ஒரு பாத்திக் கீரை தவறாது கிடைக்கும். என் வீட்டுக் கொல்லையில் நான் கைக்கொள்ளும் முறை இதுவே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட வேண்டும். இல்லையேல் வேர் அழுகிவிடும்.

எருவுக்கும் நீருக்கும் என்ன செய்வது என்பீர்கள். காய்த் தோலையும் உதிர்ந்த சருகையும் ஒரு குழியில் மாற்றி மாற்றி இட்டு மண் தூவி வந்தால், சில மாதங்களில் கரிய எரு கிடைக்கும். அரிசி களைந்த நீரைப் பாத்திக்கு ஊற்றலாம். சவர்க்கார நீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்கு விடுவதே நன்று. செடியடியில் வைக்கோலைப் பரப்பினால் ஈரம் காயாது, களையும் குறையும். அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்த்தால், பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் பாட்டிமார் கையாண்ட வழி. அவரை, கொத்தவரை முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றுவதால், அவை ஓய்ந்த இடத்தில் கீரை விதைப்பது இலாபகரமானது.

நகரத்து அடுக்குமாடியில் வாழ்வோருக்கும் வழியுண்டு. அடியில் துளையிட்ட பழைய வாளியும், வெயில் படும் தாழ்வாரமும் பசலைக்குப் போதும்.

இறுதியாக, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டில் ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி வாங்கினால், இலைகளைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டுத் தண்டுகளை எறியாதீர்கள். கணு மண்ணுக்குள் இருக்குமாறு அவற்றை ஊன்றி, நாளும் ஒரு செம்பு நீர் விடுங்கள். எறியவேண்டிய தண்டு சில நாட்களில் துளிர்ப்பதைக் காண்பீர்கள். அதற்கு மேல் உங்களுக்கு என் அறிவுரை தேவைப்படாது. அந்தத் துளிரே ஆசானாக இருந்து மற்றவற்றைக் கற்பித்துவிடும்.