போனில் உணவு ஆலோசனை கேட்கும்போது

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கம்பத்திலோ கூடலூரிலோ இருக்கும் ஒரு சர்க்கரை நோயாளி, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தால் அன்றைய வேலையும் கூலியும் போய்விடுகிறது. மாத்திரை உள்ளூரிலேயே கிடைக்கும். என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று கேட்க மட்டும் யார் அவ்வளவு தூரம் போவார்கள்? அங்கேதான் போன் நமக்கு உதவுகிறது.

சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையில் இருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி எடுத்துச் சொன்னார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதையே குறுஞ்செய்தியாகத் தொடர்ந்து நினைவூட்டினார்கள். செய்தி வந்தவர்களில் 100க்கு 18 பேருக்கு நோய் வந்தது. வராதவர்களில் 27 பேருக்கு. 2013இல் வெளியான முடிவு இது. சாதாரண போனே இவ்வளவு செய்திருக்கிறது.

இன்று அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமின்றி மருத்துவரிடம் பேசலாம். ஆனால் பேசும்போது மூன்றைக் கவனிப்போம்.

ஒன்று, உண்மையைச் சொல்வோம். வெள்ளிக்கிழமை பிரியாணியையும், நாலு வேளை டீயையும் மறைத்தால் ஆலோசனை நமக்குப் பொருந்தாது. தட்டைப் போட்டோ எடுத்தே அனுப்பலாம்.

இரண்டு, சமைப்பவரும் உடன் இருக்கட்டும். அத்தா மட்டும் கேட்டுவிட்டு வந்தால், அம்மாவின் அடுப்பில் எதுவும் மாறாது.

மூன்று, ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கேட்போம். சஹரில் என்ன, இஃப்தாரில் கஞ்சி எவ்வளவு, வடை சமோசா கூடுமா, மாத்திரை நேரம் எப்படி மாறும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். விரலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் கூறுகிறார்கள். சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் கூச்சம் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் "பாகற்காய்ச் சாறு போதும், மாத்திரை வேண்டாம்" என்பது ஆலோசனை அல்ல. அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்; பிறருக்கும் அனுப்பாதீர்கள். மயக்கம், ஆறாத கால்புண் என்றால் போனோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

போன் இயக்கத் தெரியாத பெரியவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கல்லூரி செல்லும் பிள்ளைகள் வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு உதவினால் அதுவும் ஸதகாவே.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.