திலகவதியார் ஏந்திய துடைப்பம்



துன்பத்தில் இறைவனை நம்பியவர் யார் என்று கேட்டால் நம் நாவில் முதலில் வருபவர் திருநாவுக்கரசர். நீற்றறையில் இட்டும் வேகாதவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் கரையேறியவர். அந்தப் பெருமைக்கெல்லாம் முன்னால் ஒரு பெண் நிற்கிறார். அவருடைய அக்காள் திலகவதியார். இன்று நான் பேச வந்தது அந்த அம்மையைப் பற்றி.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதைக் கேளுங்கள். திருவாமூர்ப் பெண். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியாயிற்று. அவர் போருக்குப் போன நேரத்தில் தந்தை புகழனார் நோயில் மறைகிறார். தாய் மாதினியார் கணவரோடு உயிர் நீக்குகிறார். அந்தத் துக்கம் ஆறுமுன்னே, கலிப்பகையாரும் களத்தில் விழுந்தார் என்று செய்தி. ஒரு வீட்டில் இத்தனை சாவு விழுந்தால் எந்தப் பெண் தாங்குவாள்? உயிரை விடத் துணிந்தார். பின்னாளில் திருநாவுக்கரசரான தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து கதறினார். அந்தப் பிள்ளைக்காகவே உயிர் தரித்தார்.

அந்தத் தம்பியும் ஒருநாள் சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பெயர் பெற்று, பாடலிபுத்திரத்தில் தங்கிவிட்டார். இன்றைய திருப்பாதிரிப்புலியூர்தான் அது. சமணர்கள் தமிழுக்குச் செய்தது பெருந்தொண்டு. அவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. தனியே நின்ற அக்காளின் மனத்தை எண்ணிப் பாருங்கள் என்கிறேன்.

கெடிலக் கரையில், திருவதிகை வீரட்டானத்துக்குப் போனார் அவர். விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை தொடுத்தார். தம்பியைத் திருப்பித் தா என்று வேண்டினார். வேண்டியது கிடைக்காத நாளிலும் வாசல் பெருக்காமல் இருந்ததில்லை. நம்பிக்கை என்று நான் கும்பிடுவது இதைத்தான். போன தந்தை வரவில்லை, தாய் வரவில்லை, மணாளர் வரவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் அந்தக் கை துடைப்பத்தை எடுத்தது.

பிறகுதான் தம்பிக்குச் சூலை நோய் வந்தது. குடலைப் புரட்டும் வலி. மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. இரவோடு இரவாக அக்காள் மடத்துக்கு வந்து காலில் விழுந்தார். நோயில் துடிக்கிறவர்களிடம் போய், உன் வலி கடவுள் தந்த வரம் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். திலகவதியார் தம்பியை எழுப்பினார், திருநீறு கொடுத்தார், பணிந்து தொண்டு செய்யச் சொன்னார். இருள் பிரியும் நேரத்தில் துடைப்பமும் சாணத் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக் கோயிலுக்கு நடந்தார். அவருக்கு அது வேலைக்குப் போகும் நேரம்! அந்த வேலையோடுதான் தம்பியின் நோயையும் சேர்த்துக் கொண்டுபோய் இறைவன் முன் வைத்தார். அங்கே பிறந்தது தம்பியின் முதல் தேவாரம்.

அக்காள் கையில் துடைப்பம்; தம்பி கைக்கு உழவாரம் வந்தது. ஊர் ஊராய்ப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார்.

பின்னாளில் திருவீழிமிழலையில் பஞ்சம். அடியார்க்குச் சோறிட, அப்பர் என்று அழைக்கப்பட்ட திருநாவுக்கரசருக்கும் தேவாரம் பாடிய சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் காசைக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது கழிவு, பிடித்தே மாற்றினார்கள். அப்பர் காசுக்கு வட்டமில்லை. அவர் கையால் தொண்டு செய்கிறவர் என்பதே காரணம். அதனால் அப்பர் மடத்தில் அடியார்கள் பொழுதோடு பசியாறினார்கள்.