எட்டு மாத நாய் ஏன் சொல் கேட்பதில்லை?

தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வரிசையைக் காண்பது அரிது. செம்பனைக் காட்டில் எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பைக் கண்டு முதலில் குரைப்பதும் நாய்தான். அப்படியிருந்தும், குட்டியில் மடியில் வைத்துக் கொஞ்சிய அதே நாயை, எட்டு ஒன்பது மாதமானதும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைவான காட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "சொன்ன பேச்சு கேட்கமாட்டேங்குது, வாத்தியாரே" என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நமக்கும் வாயில்லை. சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டில் கறுப்பன் என்றொரு நாய் வளர்கிறான். ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றால் உட்கார்ந்தான்; "வா" என்றால் கோழிக்கூண்டை விட்டு ஓடி வந்தான். பாடம் முடிந்தது என்று நாங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டோம். எட்டாம் மாதத்தில் ஒரு மாலை, பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெரியவர் ஒருவர் ரம்புத்தான் பழம் கொடுக்க மோட்டார் சைக்கிளில் வந்தார். கறுப்பன் வாலை ஆட்டிக்கொண்டுதான் ஓடினான். நான்கு முறை கூப்பிட்டோம். காது கேளாதவனைப் போலப் போய் அவர் கையையும் கைலியையும் நக்கிவிட்டான். நாயின் எச்சில் பட்ட இடத்தை அவர்கள் சமய முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். பெரியவர் கோபிக்கவில்லை. "தாக் ஆப்பா" என்று சொல்லி, சுத்தமான மண் எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் போனபிறகு, கறுப்பனை "வா" என்று கூப்பிட்டுப் பிரம்பால் இரண்டு போட்டோம். அதன் பலன் மறுநாளே தெரிந்தது. "வா" என்ற சொல்லைக் கேட்டாலே பத்தடி தள்ளி நின்றான். வந்தால் அடி என்று அந்தச் சொல்லுக்கு நாங்களே புதுப் பொருள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

நாய்க்கும் குமரப் பருவம் உண்டு, நேயர்களே. ஏறக்குறைய ஆறு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை, பெரிய இனமானால் இரண்டு வயது வரைகூட அது நீடிக்கும். உடலில் புதிய சுரப்புகள் ஊறும். மோப்பமும் மற்ற நாய்களும் நம் குரலைவிடப் பெரிதாகத் தோன்றும். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் குழுவினரும், பார்வையற்றோருக்கு வழிகாட்ட வளர்க்கப்பட்ட நாய்களை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னபோது தயங்கின. அந்நியர் சொன்னால் கேட்டன! ஒரு வயது நெருங்கும்போது பெரும்பாலும் பழையபடி திருந்தின. ஆகவே நாய் பாடத்தை மறக்கவில்லை. வீட்டாரிடம்தான் இந்த முரண்டு. பள்ளியில் பசுவாக இருக்கும் பிள்ளை வீட்டில் தாயாரிடம் எதிர்த்துப் பேசுவதை நீங்கள் அறியாதவர்களா?

நாங்கள் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினோம். பழைய "வா" கெட்டுப்போனதால் "ஓடிவா" என்று புதிய சொல் வைத்தோம். அதுவரை பாட்டி ஒன்று சொல்வார், பையன் ஒன்று சொல்வான், தாத்தா "மாரி சினி" என்பார்; இனி எல்லாருக்கும் ஒரே சொல் என்று ஏற்பாடாயிற்று. முப்பதடி நைலான் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டி, மறுமுனையை நாங்கள் பிடித்துக்கொண்டோம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் போய்விடும். ஒரே ஒரு முறை கூப்பிடுவோம். வராவிட்டால் கத்தாமல், நாங்கள் பின்பக்கமாக நடந்து, கயிற்றை மெல்லச் சுருட்டுவோம். வந்ததும், வெந்நீரில் உப்புப் போக அலசிய நெத்திலித் துண்டு நகத்தளவு. உடனே மறுபடியும் மோப்பம் பிடிக்க விட்டுவிடுவோம். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று நாய் எண்ணக்கூடாது. இதுதான் பலர் கவனிக்காத இடம்.

ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் ஆராய்ந்த நாய்களுக்கு, உணவுக்கு முன் ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், பிறகு அந்த ஓசைக்கே எச்சில் ஊறியது. நம் "ஓடிவா"வும் நெத்திலியும் அதே கணக்குத்தான். பிரட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம், வேலை விட்டு வந்து ஐந்து நிமிடம், சோறு வைக்கும்போது ஓரிரு முறை "உட்கார்". அதற்குமேல் வேண்டாம்; நாய் சலித்துப்போகும். முதலில் வீட்டு வாசலில், பிறகு லயத்து ஓரத்தில், கடைசியாகக் கோழிகள் மேயும் இடத்தில். வாசலில் தேறிய நாய் கோழிகளுக்கு நடுவில் தவறினால், அது பொல்லாத நாய் ஆகிவிடாது. ஒரு வகுப்பு கீழே இறக்கிப் பாடம் நடத்துங்கள்.

நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பது இந்த வயதில் நாயை இன்னும் மூர்க்கமாக்கும். கருத்தடை செய்ய எண்ணுபவர்கள், எந்த வயதில் செய்யலாம் என்று குளுவாங்கில் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கறுப்பனுக்கு இப்போது இரண்டு வயது நிறையப் போகிறது. பத்துக்கு ஒன்பது முறை வந்துவிடுவான். அந்தப் பத்தாவது முறைக்காக, பெரியவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் "ஓடிவா" என்று கூப்பிட்டு, கயிற்றை மாட்டிய பிறகே வேலிக்கதவைத் திறக்கிறோம். நெத்திலி டப்பா இன்னும் வாசற்படியில்தான் இருக்கிறது.