விலைவாசி உயர்வும் வீட்டுச் சாமான் கணக்கும்

(தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



விலைவாசியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். விலை ஏறியிருக்கிறது என்பதை உங்களுக்கு மைக் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் கடைக்குப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே வேறொரு விஷயத்தைப் பார்ப்போம். விலை ஏறும்போது நாம் சாமான் வாங்கும் வழக்கம் எப்படி மாறுகிறது? அந்த மாறுதலால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்?

பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் நமக்கு ஓயாமல் உபதேசம் நடக்கிறது. சிக்கனமாக இருங்கள், பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், மொத்தமாக வாங்குங்கள், தக்காளி விலை ஏறினால் புளியைக் கரைத்து ஊற்றுங்கள் என்கிறார்கள். மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வந்தவர்கள் இவர்கள்! விலை ஏறிய முதல் மாதமே உழைப்பாளி வீட்டில் பருப்பு பாதியாகிவிடுகிறது. சாம்பார் இருந்த இடத்தில் ரசம் வருகிறது. அடுத்தபடியாகப் பால் குறைகிறது, தேநீர் கருப்பாகிறது. வாரம் இருமுறை வாங்கிய மீன் ஒருமுறையாகிறது, பிறகு கருவாடாகிறது. எண்ணெய்ப் புட்டி போய், அன்றன்றைக்கு வேண்டிய அளவு வாங்கும் வழக்கம் வருகிறது. இவ்வளவையும் யாருடைய உபதேசமும் இல்லாமல் நமது பெண்கள் செய்து முடித்துவிடுகிறார்கள்.

குறைந்தது யாருடைய தட்டில்? வேலைக்குப் போகிறவருக்குப் போட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் போட்டு, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் தாய். சாமான் குறையும்போது முதலில் குறைவது அவளுடைய சோறுதான். நாம் சிக்கனம் என்று பெயர் வைத்திருப்பதில் பெரும் பகுதி இந்தப் பட்டினியே. கூட்டத்துக்கு வந்திருக்கும் ஆண் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, “மொத்தமாக வாங்குங்கள்” என்ற உபதேசத்துக்கு வருவோம். மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்கக் கையில் ஒரே தடவையில் பணம் வேண்டும். தினக்கூலிக்காரர் அன்றைய கூலியைக் கொண்டு அன்றைய சாமானைத்தான் வாங்க முடியும். நம் பாட்டிமார் காலத்தில் ஆழாக்கு எண்ணெயும் அரையணாப் புளியும் வாங்கினார்கள். இன்று அதே காரியத்தைப் பளபளக்கும் சிறு பாக்கெட்டில் செய்கிறோம். 1980களில் ஷாம்பு பாக்கெட் நமது கடலூரிலிருந்து கிளம்பியது. பிறகு காப்பித்தூள், மசாலா, சோப்புத்தூள், ஊறுகாய் எல்லாம் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. ஏழையின் நாணயம் எந்த அளவோ அந்த அளவுக்குச் சரக்கைத் துண்டு போட்டு விற்கும் வித்தை இது.

இந்த வித்தையில் ஒரு சூட்சுமம் உண்டு. பாக்கெட்டின் விலை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் கிராம் மட்டும் தேயும். விலை ஏறியதாகத் தோன்றாது. குழந்தைக்கு பிஸ்கட் போதவில்லை என்பது மட்டும் தெரியும். முன்பெல்லாம் தேயிலை, சமையல் எண்ணெய், பிஸ்கட், சோப்பு முதலிய பல சரக்குகளை இன்னின்ன எடைகளில்தான் பொட்டலம் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. 2021ஆம் ஆண்டு திருத்தத்தில் மத்திய சர்க்கார் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்றது. கம்பெனிகளுக்கு எடையைக் குறைக்கும் சுதந்திரம், நமக்குப் பொடி எழுத்தில் ஒரு கணக்கு! அதிலும் 10 கிராமுக்கு உட்பட்ட சிறு பாக்கெட்டுகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. பெரும்பாலும் ஏழை வாங்கும் பாக்கெட்டிலேதான் கணக்கு இல்லை.

ஆயினும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஷாம்பில் சிறு பாக்கெட்டே புட்டியைவிட மலிவாக இருப்பதுண்டு. மசாலாவிலும் காப்பித்தூளிலும் பெரும்பாலும் நேர்மாறு. கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி இல்லாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

சிறிதாக வாங்குகிறவனுக்கே சுமை அதிகம் என்பதற்குச் சர்க்காரே ஓர் உதாரணம் தந்திருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். 25 கிலோ வரையிலான மூட்டைக்குத்தான் இந்த வரி. ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 26 கிலோ சிப்பம் கட்டினார்கள்! ஒரு கிலோ கூடியது, வரி பறந்தது. 26 கிலோ அரிசிக்கு ஒரே தடவையில் ரொக்கம் கொடுக்க முடிந்தவர் வரியில்லாமல் வீட்டுக்குக் கொண்டு போனார். ஐந்து கிலோ பை வாங்கியவர் வரி கட்டினார். கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்துப் போடும் அரிசிக்கு வரி இல்லை என்பது உண்மை. அதனால் நம்மில் பலர் சில்லறை அரிசிக்குத் திரும்பினார்கள். அங்கே எடையையும் கல்லையும் கவனித்து வாங்க வேண்டியிருக்கிறது.

மூலைக்கடை அண்ணாச்சியை எதிரியாகக் காட்டிப் பேசுவது நமது நோக்கமல்ல. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு கடன் கொடுக்கிறார். மாசக் கடைசியில் பல அடுப்புகள் எரிவது அந்த நோட்டினால்தான். ஆனால் கடன் நோட்டுக்கும் ஒரு விலை உண்டு. பாக்கி வைத்திருக்கும் கடையில் விலையைப் பற்றி வாதாட முடியாது. அடுத்த தெருவில் இரண்டு ரூபாய் குறைவு என்று தெரிந்தும் போக முடியாது. மறுபுறம், போனில் கேட்டால் சில நிமிஷங்களில் சாமான் கொண்டு வருகிறோம் என்று பெருமூலதனம் அண்ணாச்சியின் கழுத்தில் கை வைக்கிறது. அந்தச் சாமானை மூச்சிரைக்கச் சுமந்து வருகிறவன் யார்? நமது வீட்டுப் பையன்தான்.

விலை உயர்வின் வேர் தெருக்கடையில் இல்லை. சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகமாகச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் தேசம் நம்முடையது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே மாதம் தடையை நீக்கியது. சில வாரத் தடைதான்! ஆனாலும் எங்கோ ஒரு தீவில் போட்ட உத்தரவு இங்கே வடைச் சட்டிவரை எட்டுகிறது. நமது கடலை, எள் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்து உற்பத்தியைப் பெருக்காததன் பலன் இது. தனிக் குடும்பம் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி இதைச் சரிக்கட்ட முடியாது.

இன்னொரு விஷயம் பஞ்சப்படி. தொழிற்சங்கத் தோழர்கள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். பஞ்சப்படிக்கு ஆதாரம் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டெண். தொழிலாளி குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கின்றன என்று சர்வே எடுத்து அதைத் தயாரிக்கிறார்கள். 2001 அடிப்படையிலான பழைய வரிசையில் உணவுக்கு ஏறக்குறைய 46 சதவீத எடை இருந்தது. 2020ஆம் ஆண்டு அறிமுகமான, 2016 அடிப்படையிலான வரிசையில் அது ஏறக்குறைய 39 சதவீதமாயிற்று. இந்தக் குறைவு முழுவதும் பட்டினியால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, பஸ், டெலிபோன் எல்லாம் சம்பளத்தில் பங்கு கேட்கின்றன. ஆனால் சர்வே நோட்டில் வாங்கிய பருப்புக்குத்தான் இடம் உண்டு. வாங்க நினைத்து வாங்காமல் திரும்பிய பருப்புக்கு அதில் இடமில்லை. நாம் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டது நாளடைவில் நமது “வழக்கம்” என்று பதிவாகிறது. பிறகு உணவு விலை ஏறினால் குறியீட்டெண் முன்போல் ஏறாது. கூலி வெட்டு என்று அறிவித்தால் ஆலை வாசலில் கொடி பறக்கும். சமையலறை வழியாக வரும் கூலி வெட்டுக்குக் கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. பஞ்சப்படியே இல்லாத வீட்டு வேலைக்காரப் பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் வாங்கும் வழக்கத்தை மாற்றவே கூடாதா? மாற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொருத்தியும் தனியாகச் சுருங்குவதாக அந்த மாற்றம் இருக்கக் கூடாது. கூடி வாங்குவதாக இருக்க வேண்டும். 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் சில்லறை சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று நாலைந்து சரக்குதான். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, லாபம் வாங்கியவர்களுக்கே பங்கு. இதுதான் அவர்களுடைய ஏற்பாடு. நமது திருவல்லிக்கேணியில் 1904லேயே கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்துவிட்டது. இன்று அமுதம், காமதேனு, பண்ணைப் பசுமைக் கடைகள் இருக்கின்றன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். சர்க்கார் மனம் வைத்தால் விலையைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. கொடுத்த கடைகள் மிகச் சொற்பம் என்பதே நமது புகார்.

ரேஷன் கடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1997இல் மத்திய சர்க்கார் ஜனங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் என்ற முறை நிலைத்தது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று இங்கே கிடைக்கிறது. வெளிக்கடையில் துவரை 150 ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில் இந்த ஒரு கிலோவில் மிச்சமானது 120 ரூபாய்க்கு மேல். ஆனால் 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் வரத் தாமதமாயிற்று. மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஜூனில் வாங்கலாம், சரி. மே மாதச் சாம்பாரை ஜூனில் சாப்பிட முடியுமா? அந்த மாதம் பெட்டிக்கடைப் பாக்கெட்டுக்குப் போன காசு போனதுதான்.

கேரளத்தையும் சொல்லிவிடுவோம். 2016இல் பதவிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 13 அத்தியாவசியச் சாமான்களைப் பழைய விலையிலேயே சப்ளைகோ கடைகளில் விற்றது. 2024 பிப்ரவரியில் அது மாறி, சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என்றாயிற்று. நம்முடைய சர்க்கார் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. மத்திய சர்க்கார் கை விரித்தால் ஒரு மாநிலம் தனியாக எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தில்லியை நோக்கித்தான் கேட்க வேண்டும்.

கேட்கத் தெரிந்த பெண்கள் இந்த நாட்டில் உண்டு. 1972இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி, விலை எட்டாத உயரம். பம்பாயில் சோஷலிஸ்டு மிருணாள் கோரேயும் மார்க்ஸிஸ்டு அகல்யா ரங்கனேகரும் கட்சி பேதம் பாராமல் விலைவாசி எதிர்ப்பு முன்னணியில் பெண்களைத் திரட்டினார்கள். சப்பாத்திக் கட்டையால் தட்டுகளை அடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அதுவரை ஊர்வலத்தையே பார்த்திராத பெண்கள் பலர். அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் சமையலறையில் தினம் புழங்கிய கட்டைதான்.

நமது குடியிருப்பில் ஆரம்பிக்க ஒரு சாதாரண வேலை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். இந்த மாதம் வாங்கியதை ஒரு பக்கத்திலும், வாங்க நினைத்து விட்டுவிட்டதை எதிர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். ரேஷன் கடையில் பருப்பு என்று வந்தது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குத் தேதியோடு ஒரு வரி. நான்கைந்து வீடுகள் சேர்ந்து அரிசிச் சிப்பம் வாங்கிப் பிரித்துக்கொள்ள முடியுமா என்று வரிசைக்கு வரிசை பேசிப் பாருங்கள். பணத்தை யார் கையில் வைப்பது என்பதில்தான் சண்டை வரும், அதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டுகளோடு வாருங்கள். எதிர்ப் பக்கங்களையெல்லாம் கூட்டி, வட்ட வழங்கல் அதிகாரியிடம் கொடுக்கும் மனுவையும், பஞ்சப்படி பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தோழர்களின் கணக்கையும் அன்றே தயாரித்துவிடலாம்.