தொட்டிக்கு மூடி இருக்கிறதா?

2024 ஏப்ரலில் கேரளாவின் ஆலப்புழையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. உடனே கோவை எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளித்தார்கள். ஏன் சக்கரத்துக்கு? நோய்க் கிருமி, நோயுற்ற பறவையின் எச்சத்தில் இருக்கிறது. எச்சம் ஒட்டிய சக்கரம் போகும் இடமெல்லாம் கிருமியும் கூடவே போகும்.

சரி, நம் வீட்டு மொட்டை மாடிக்கு வருவோம். தண்ணீர்த் தொட்டியின் மூடி பாதி விலகிக் கிடக்கிறது. விளிம்பில் ஒரு காக்கை உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. எச்சம் விழுந்தால்? குளிர்ந்த நீரில் இந்தக் கிருமி பல நாள் தாங்கும். கொதிக்கிற நீரில் தாங்காது. அதனால், தொட்டியை மூடுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடியுங்கள்.

அடுத்து, தோட்டம். பறவைக் காய்ச்சல் காலத்தில் ரோஜாச் செடிக்குப் பச்சைக் கோழி எரு வேண்டாம். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். தூசி மூக்கில் ஏறும். மூக்கை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, நனைத்து எடுங்கள். கீரையை நன்றாக அலசுங்கள். செத்த காக்கையை வெறும் கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பயம் வேண்டாம், கவனம் போதும். இன்று மாடிக்குப் போனதும் முதலில் பாருங்கள்: தொட்டிக்கு மூடி இருக்கிறதா?