தாடையெலும்பு ஆறுங் காலம்
(சங்கக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)

 

இழந்த பல்லுக்கு ஈடாக இம்பிளாண்ட் என்னும் டைட்டானியத் திருகைத் தாடையில் பதித்துக்கொள்ளும் வழக்கம் இந்நாளில் பெருகி வருகின்றது. அதன்பொருட்டு எலும்பு ஒட்டு வைத்துக்கொண்டோர், "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று வைத்தியரை வினவுதல் இயல்பு. அவ்வினாவிற்கு விடை கூறுதலே என் நோக்கமாகும்.

முதலாவது, ஒட்டு ஏன் வேண்டுவதாயிற்று? பல் போனபின், அதனைத் தாங்கிநின்ற எலும்பு கரையத் தொடங்குகின்றது. முதல் 12 மாதங்களில் அதன் அகலத்தில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே குறைந்துவிடும். மெலிந்த எலும்பில் திருகு நிலைபெறாது. ஆகவே, நோயாளியின் தாடையில் வேறோரிடத்து எடுத்த எலும்பையேனும், பக்குவப்படுத்திய மாட்டெலும்புத் தூளையேனும் அங்கு இட்டு நிரப்புகின்றனர்.

அங்ஙனம் இட்டது உடனே நம் எலும்பாகிவிடுவதன்று. கட்டடத்திற்குச் சாரம் எவ்வாறோ, அவ்வாறே அதுவும். முதலில் அதனூடே இரத்தம் உறைகின்றது; பின்னர் நுண்ணிய இரத்தக்குழாய்கள் உட்புகுகின்றன; அவற்றைத் தொடர்ந்து எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. அவை முதலில் ஆக்குவது ஒழுங்கற்ற இளவெலும்பே. அதுவே நாளடைவில் அடுக்கடுக்காய் இறுகி முதிர்கின்றது. ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும்; எலும்பிற்கோ பல மாதங்கள் வேண்டும். வெளிப்புண் ஆறியது கொண்டு உள்ளெலும்பு முதிர்ந்ததெனக் கருதுவது பிழையாம்.

பல் பிடுங்கிய குழியை நிரப்பியதாயின் பொதுவாக 3 முதல் 6 மாதங்களும், எலும்பைத் துண்டாக வைத்து இணைத்ததாயின் 4 முதல் 6 மாதங்களும், மேல்தாடையில் சைனஸ் என்னும் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தி நிரப்பியதாயின் 6 முதல் 9 மாதங்களும் செல்லும். குறை சிறிதாயின் திருகையும் ஒட்டையும் ஒருங்கே வைப்பதும் உண்டு. மிகையாகத் தாமதித்தலும் நன்றன்று. நோயாளியின் எலும்பையே துண்டாக வைத்தவிடத்து, நெடுங்காலம் வேலையின்றிக் கிடப்பின் அது மீண்டும் தேயும்.

திருகு பதித்த பின்னரும் காத்திருத்தல் உண்டு. டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போதலை ஸ்வீடன் தேசத்துப் பேராசிரியர் பிரானெமார்க் 1952ஆம் ஆண்டில் முயல்களை ஆராயுங்கால் கண்டார்; 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குத் திருகுகளைப் பதித்தார். அவர் வகுத்த முறையில், கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் கழித்தே பல் பொருத்தப்பட்டது.

முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு, அதற்குள் பல் வேண்டுமென்று வைத்தியரை நெருக்குவோர் நம்மில் உளர். முதிராத எலும்பில் பதித்த திருகு அசைந்து கழன்றால், பொருளும் போம், ஒட்டும் போம், மறுபடியும் கத்தி வைக்கவேண்டி வரும். அந்நாளைக்குத் தற்காலிகப் பல் ஒன்று போதும். அதுவும் ஒட்டின்மேல் அழுந்தாதிருத்தல் வேண்டும்.

புகைபிடித்தலை அறவே விடுக. நீரிழிவுடையோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திடுக. எலும்புத் தேய்மானத்திற்கு மருந்துண்போர் அதனை முன்னரே வைத்தியரிடம் தெரிவித்திடுக. காலம் நிறைந்ததா என்பதை எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கொண்டு வைத்தியர் துணிவாரேயன்றி, நம் அவசரமும் பஞ்சாங்கமும் துணியமாட்டா.